எண்பத்து நான்கில் ஒருவர்

கரீபியன் தீவுகளில் பதினொரு ஆண்டுகள் வேலை செய்தேன் என்று சொன்னால் கேட்பவருடைய முகத்தில் உடனே ஒரு தென்னை மரம் முளைக்கிறது. அதன் கீழே நான் சாய்வு நாற்காலியில் கிடக்கிறேன். உண்மையில் அந்தப் பதினொரு ஆண்டுகளில் நான் ஒருநாளும் கடலில் குளித்ததில்லை. கடல் எனக்கு அலுவலகம். அலுவலகத்தில் யாரும் குளிப்பதில்லை.

இத்தாலியின் பலேர்மோ நகரில், போர்கோ வெக்கியோவில் நாங்கள் இருக்கும் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நிரோஷா என்றொரு பிள்ளை இருக்கிறாள். பலேர்மோத் துறைமுகத்தில், சிறு தீவுகளுக்குப் போகும் கப்பலில் ஆட்களை ஏற்றும் வேலைக்கு அண்மையில்தான் சேர்ந்தாள். போன மாதம் படிக்கட்டில் மறித்துக் கேட்டாள்.

"அங்கிள், நீங்கள் கரீபியனிலை உல்லாசக் கப்பலிலையோ வேலை செய்தனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை. பஸ். கடலிலை ஓடுற பஸ்."

"அங்கையும் ஸ்கான் பண்ணியோ ஏத்துறது?"

"விரலாலை எண்ணுறது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இப்ப மெஷின் எண்ணும். நாங்கள் போன்ஜோர்னோ சொன்னால் காணும்."

"மெஷின் சொல்லுற கணக்கும் உள்ளுக்கை இருக்கிற தலையும் ஒண்டோ எண்டு பிறகு ஆர் பாக்கிறது?"

"அதை ஏன் அங்கிள் பாக்கவேணும்?"

கையில் ஒரு பை தக்காளியோடு படிக்கட்டில் நின்று பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே எழுதுகிறேன்.

கப்பலுக்கு நான் வந்த கதையைச் சுருக்கிவிடலாம். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தேன், பட்டம் முடியவில்லை. பலேர்மோவில், தீவுகளுக்கு ஓடிய ஒரு கப்பலில் கழிப்பறை கழுவினேன். கழுவியபடியே இத்தாலியன் படித்து, மாலுமிப் புத்தகம் எடுத்து, தீயணைப்பு, உயிர்காப்பு, கூட்டத்தைக் கையாளுதல் என்று மூன்று சான்றிதழ்கள் வாங்கி, பயணிகளுக்குப் பொறுப்பானவன் ஆனேன். கப்பலில் அந்த ஆளைப் பேர்சர் என்பார்கள். எட்டு ஆண்டுகள் இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டன. அவை அவ்வளவுதான் பெறும்.

பிறகு கப்பலை விற்றார்கள். ஐரோப்பாவில் வயதாகிப்போன கப்பல் வெப்பநாட்டுக் கடலில் மறுபடி இளமையாகிவிடும் என்று கப்பல் முதலாளிகள் நம்புகிறார்கள். கரீபியனில் ஒரு சிறு கம்பனி வாங்கியது. கொண்டுபோய் ஒப்படைக்கச் சென்ற கப்டன் அங்கேயே தங்கினார். தனக்குப் பழகிய நான்கு பேரையும் கூட்டிக்கொண்டார். அதில் நான் ஒருவன். இயந்திர அறையில் வேலை செய்த மன்னார் அருளப்பு இன்னொருவன். என் மனைவி பலேர்மோவிலேயே ஒரு இத்தாலியச் சிஞ்ஞோராவின் வீட்டில் வேலையோடு இருந்துவிட்டாள். கம்பனியின் பெயரையோ தீவுகளின் பெயரையோ நான் எழுதப்போவதில்லை. நான்கு தீவுகள். பெரிய தீவு, இரண்டாம் தீவு, மூன்றாம் தீவு, கடைசித் தீவு. காலையில் போய் மாலையில் திரும்புவோம்.

அந்தத் தீவுகளுக்குள் போக்குவரத்துச் செய்வது எப்படி என்று பயண நூல்கள் எழுதும். நேரப்பலகையில் உள்ள நேரம் ஒன்று, கப்பல் வெளிக்கிடும் நேரம் இன்னொன்று என்று எச்சரிக்கும். அது சரி. ஆனால் கப்பலில் பயணிகள் மட்டும் போவதில்லை என்பதை அவை சொல்வதில்லை. ஒருவரை ஏற்றிவிட மூன்று பேர் வருவார்கள். மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு மேல்தளம்வரை வந்து, உட்காரவைத்து, கதைத்து, சங்கு ஊதிய பிறகுதான் இறங்குவார்கள். கடைசித் தீவுக்குப் போகிறவர் வழியில் உள்ள ஒவ்வொரு தீவிலும் இறங்கி, யாரோ கொடுத்துவிட்ட ஈரப்பலாக்காயையும் மருந்துப் போத்தலையும் உரியவர் கையில் கொடுத்து, அந்த ஊர்ப் புதினமும் கேட்டுவிட்டு மறுபடி ஏறுவார். அதைக் குற்றமென்று சொல்லமுடியாது. அங்கே தபால் அப்படித்தான் ஓடியது.

எங்கள் கப்டன் அறுபதை நெருங்கிய சிசிலிக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சுக்கான் அறையில் அழிறப்பர் வைத்திருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுவார். பிழைத்தால் அழிக்காமல் கீழே சரியானதை எழுதி, எழுதிய நேரத்தையும் குறிப்பார். ஒவ்வொரு இறங்குதுறையிலும், ஏற்றுப்பலகையைத் தூக்குவதற்கு முன், நான் மேலே போய்க் கதவடியில் நிற்கவேண்டும். திரும்பிப் பார்க்கமாட்டார்.

"நூமெரோ?" என்பார்.

நான் எண்ணிக்கையைச் சொல்வேன். எழுதுவார். அதன் பிறகுதான் கப்பல் அசையும்.

அந்த எண் வரும் வழியைச் சொல்கிறேன். வாசலில் நிற்கும் என் வலக்கையில் அமுக்க அமுக்க எண் கூடும் ஒரு கிளிக்கர், இடக்கையில் இன்னொன்று. ஏறுகிறவருக்கு வலது, இறங்குகிறவருக்கு இடது. முந்தைய எண்ணிக்கையில் இறங்கியவரைக் கழித்து ஏறியவரைக் கூட்டினால் ஒரு எண் வரும். சங்கு ஊதி, வழியனுப்ப வந்தவர்கள் இறங்கிய பிறகு, இரண்டு தளங்களையும் நடந்து தலைகளை எண்ணவேண்டும். கைக்குழந்தையும் ஒரு தலைதான். கழிப்பறைக் கதவைத் தட்டவேண்டும். இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் அதைத் தாளில் எழுதி, ஒரு பிரதியை இறங்குதுறை முகவரிடம் கொடுக்கவேண்டும். கப்பல் மூழ்கினால் எத்தனை பேரைத் தேடுவது என்று கரையில் இருப்பவனுக்குத் தெரியவேண்டும். அந்தத் தாளின் முழு உபயோகமும் அதுதான்.

ஒன்றாக வராவிட்டால் கப்பல் கட்டிய இடத்திலேயே நிற்கும். பெயர்ப் பட்டியலை வாசித்து ஒவ்வொருவராகப் பார்க்கவேண்டும். முகவர் கரையில் தேடவேண்டும். நாற்பது நிமிடம் என்று ஒழுங்குவிதியில் இருந்தது.

இடையில் இறங்கி ஏறுகிறவர்களுக்காகக் கப்டன் ஒரு முறை வைத்திருந்தார். இறங்கும்போது பயணச்சீட்டை என்னிடம் தந்துவிட்டு மஞ்சள் நிறத் தகரச் சில்லு ஒன்றை வாங்கவேண்டும். திரும்பி ஏறும்போது சில்லைத் தந்து சீட்டை வாங்கவேண்டும். சில்லுகள் தொங்கும் பலகையில் ஒரு ஆணி வெறுமையாக இருந்தால் ஒரு ஆள் கரையில் இருக்கிறார் என்று அர்த்தம். சனங்களுக்கு இது பிடிக்கவில்லை. மிக அதிகமாகப் பிடிக்காதவர் மிஸ்டர் கிளெமென்ட். கடைசித் தீவுக்காரர், எழுபது வயது, எப்போதும் வைக்கோல் தொப்பி. அவர்கள் பேசுவது அவர்களுடைய ஆங்கிலம். என் காதில் அது இப்போது தமிழாகத்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நான் என்ன நாயோ, கழுத்திலை தகரம் கட்ட?" என்பார். "உன்ரை கப்டன் பிறக்கமுதல் நான் இந்தக் கடலிலை போய்வந்தனான்."

கப்டன் அவரைவிடப் பத்து வயதுதான் இளையவர் என்று நான் விளக்க முயன்றதில்லை. சில மாதங்களில் அவருக்குச் சில்லு நீட்டுவதை நிறுத்திவிட்டேன். ஒவ்வொரு தீவிலும் இறங்குவார், ஏறுவார். நான் எந்தக் கிளிக்கரையும் அமுக்குவதில்லை. பழகிய ஆளைக் கண் எண்ணாது.

அந்த நாளில் பெரிய தீவிலிருந்து நூற்றாறு பேரோடு வெளிக்கிட்டோம். அவர்களில் ஒருவர் எஸ்தர். ஐம்பது வயதிருக்கும். பெரிய தீவில் ஒரு விடுதியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. கறுப்பு உடுப்பு, மடியில் ஒரு தொப்பிப் பெட்டி. பெட்டிக்குள் மலர்வளையம். முதல்நாள் இரவு கடைசித் தீவில் அவருடைய தாய் இறந்திருந்தார். அங்கே பிரேதம் வைக்கக் குளிரறை கிடையாது. அன்று பிற்பகலே அடக்கம்.

இரண்டாம் தீவுக்குப் போவதற்குள் மூன்று தரம் கேட்டுவிட்டார். "போய்ச் சேருவமோ, பேர்சர்?"

"நேரப்பலகையிலை அப்பிடித்தான் எழுதியிருக்கு," என்றேன். என்னுடைய வழக்கமான பதில். அவர் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. கடைசித் தீவின் துறைக்குள் முருகைக்கல் திட்டுகளுக்கு இடையில் ஒரு ஒடுங்கிய வாயில்தான் உண்டு. பிற்பகலில் அங்கே அலை எழும். மூன்று மணிக்குப் பிறகு கப்டன் அதற்குள் நுழைவதில்லை. அன்று மூன்றாம் தீவில் சீமெந்து ஏற்றிய லொறி ஒன்று ஏற்றுப்பலகையில் சிக்கி இருபத்தைந்து நிமிடம் தின்றுவிட்டது. ஒன்றே முக்காலுக்கு வெளிக்கிட்டால் இரண்டு ஐம்பதுக்கு வாயிலில் நிற்கலாம். பத்து நிமிடம் மிச்சம்.

இரண்டாம் தீவை விட்டபோது எண்பத்தொன்பது பேர். மூன்றாம் தீவில் இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள், பதினேழு பேர் ஏறினார்கள். எண்பத்து நான்கு. தளங்களை நடந்து எண்ணினேன். எண்பத்து மூன்று.

மறுபடி எண்ணினேன். எண்பத்து மூன்று.

கீழ்த்தளத்தில் இரண்டு தாய்மார் குழந்தைகளைத் துணியால் மூடிப் படுக்கவைத்திருந்தார்கள். மூன்றாவது குழந்தை ஒன்று எங்காவது துணிக்குள் இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். பலகையில் எல்லாச் சில்லுகளும் தொங்கின. முகவர் தாளுக்காகக் கரையில் கைநீட்டி நின்றார். மேல்தளத்து மர வாங்கில் அமர்ந்திருந்த எஸ்தர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

என் தாயை அடக்கம் செய்த அன்று நான் பலேர்மோவில் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலக வாசலில், பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வரிசையில் நின்றேன். அதைச் சாட்டாக எழுதவில்லை. அந்த நிமிடத்தில் அது நினைவில் வந்தது, அவ்வளவுதான்.

தாளில் எண்பத்து நான்கு என்று எழுதி முகவரிடம் கொடுத்தேன். மேலே போனேன்.

"நூமெரோ?"

"எண்பத்து நான்கு, கொமந்தாந்தே."

எழுதினார். ஏற்றுப்பலகை உயர்ந்தது.

கால் மணி நேரம் நிம்மதியாக இருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். நல்ல காரியம் செய்தவன் மாதிரித் தேநீர்கூடக் குடித்தேன். பிறகு மேல்தளத்தின் பின்பக்கம் போனபோது, கம்பியோரத்து வாங்கில் ஒரு வைக்கோல் தொப்பி கிடந்தது. காற்றில் போகாமலிருக்கத் துணிப்பை ஒன்றை அதன்மேல் வைத்திருந்தார்கள். அந்த இடத்தில்தான் ஆண்கள் சத்தியெடுக்கக் கம்பியில் சாய்வார்கள். கம்பி என் இடுப்பளவு.

கழிப்பறைகளைத் தட்டினேன். லொறிகளுக்கிடையில் பார்த்தேன். இயந்திர அறை வாசலில் அருளப்பு வியர்வை துடைத்துக்கொண்டு நின்றான்.

"கிளெமென்டைக் கண்டனியோ?"

"இல்லை அண்ணை. ஏன், முகம் ஒருமாதிரிக் கிடக்கு?"

சொன்னேன். அவன் துவாயை மடித்தான். பிறகு விரித்தான்.

"ரெண்டாம் தீவுக்கும் மூண்டாம் தீவுக்கும் நடுவிலை விழுந்திருந்தால்?"

"தெரியாது."

"கரையிலை இறங்கினவரோ இல்லையோ எண்டாவது தெரியுமோ?"

"தெரியாது. அவரை நான் எண்ணுறேல்லை."

"என்னட்டை ஏன் அண்ணை சொல்லுறியள்? நான் எண்ணெய் ஊத்திறவன். மேலை போய்ச் சொல்லுங்கோ."

மேலே போகத்தான் படியில் கால் வைத்தேன். ஆனால் மேல்தளத்தில் எஸ்தர், அந்தப் பின்பக்கத்து வாங்கின் அருகில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது கிளெமென்ட் மாமாவின்ரை. அம்மாவின்ரை ஒன்றுவிட்ட தம்பி அவர். செத்தவீட்டுக்குத்தான் என்னோடை வாறார். ஆள் எங்கை?"

"தேடிக்கொண்டிருக்கிறன்."

"எண்ணினனீங்கள்தானே?"

"எண்ணினனான்."

"அப்ப இருக்கவேணுமே."

அதற்கு நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. "ஒரு ஆள் குறைஞ்சது. சரியெண்டு சொல்லிப்போட்டன். தேட நிண்டால் நீங்கள் போய்ச் சேரமாட்டியள்."

நான் சொன்னதை அவர் ஒரு தரம் உள்ளுக்குள் ஓட்டிப் பார்த்தது தெரிந்தது.

"எனக்காகவோ?"

"ஓம்."

"நான் உங்களைக் கேட்டனானோ?"

தொப்பியை என் கையில் திணித்தார். பெட்டியை வாங்கில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் படியேறினார். பயணிகள் நுழையக்கூடாத கதவைத் தள்ளித் திறந்து கப்டனுடைய முதுகுக்குச் சொன்னார்.

"கப்பலைத் திருப்புங்கோ. எங்கடை ஆள் ஒருத்தர் இல்லை. அம்மா செத்துப்போனா, அவ இனி எங்கையும் போகமாட்டா. அவர் உயிரோடை இருக்கக்கூடும்."

கப்டன் முதல் தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நூமெரோ?"

"எண்பத்து மூன்று."

"எப்போதிருந்து?"

"மூன்றாம் தீவிலிருந்து."

சுக்கானைத் திருப்பச் சொன்னார். எண்பத்து நான்கின் கீழே 83 என்று எழுதி நேரம் குறித்தார். பிறகு வானொலியை எடுத்து மூன்றாம் தீவை அழைத்தார். பதில் இல்லை. கப்பல் போனதும் முகவர் கொட்டிலைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். நடுக்கடலில் கைப்பேசியும் ஊமை. பெரிய தீவிலிருந்த கரையோரக் காவலுக்குத் தகவல் சொன்னார். இரண்டு பக்கக் கம்பியிலும் பயணிகளை வரிசையாக நிறுத்தி நீரைப் பார்க்கச் சொன்னார். வந்த வழியே மெதுவாகத் திரும்பினோம். ஒரு தடவை யாரோ கையை நீட்டினார், மரக்கட்டை.

மூன்றாம் தீவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் கைப்பேசிகள் உயிர்த்தன. யாரோ ஒருவருடைய மைத்துனி ஓடிப்போய்ப் பார்த்தாள். இறங்குதுறையிலிருந்து நூறு அடி தூரத்தில் ஒரு சாராயக் கடை. மிஸ்டர் கிளெமென்ட் மருந்துப் போத்தலைக் கொடுக்கப் போன இடத்தில் டொமினோ ஆட்டத்தில் உட்கார்ந்துவிட்டார். லொறி சிக்கியதைக் கண்டவர், கப்பல் இன்னும் நிற்கும் என்று நினைத்திருக்கிறார்.

நூறு அடி. நான் எண்பத்து மூன்று என்று சொல்லியிருந்தால், முகவர் கரையில் நின்றபடியே ஒரு சத்தம் போட்டிருப்பார். நாற்பது நிமிடம் என்று ஒழுங்குவிதியில் இருந்தது உண்மை. அந்த வேலைக்கு ஐந்து நிமிடம் போதியிருக்கும். நாங்கள் இரண்டு ஐம்பத்தைந்துக்கு வாயிலைக் கடந்திருப்போம்.

அவரை அங்கேயே விட்டுவிட்டு, மறுபடி திரும்பிக் கடைசித் தீவின் முன்னால் போனபோது நான்கு மணியாகிக்கொண்டிருந்தது. வாயில் முழுவதும் வெள்ளையாக உடைந்தது. கப்டன் ஒரு பார்வை பார்த்தார். போகமுடியாது என்பதை அவர் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இறங்கவேண்டியவர்களுடைய பெயரை எழுதிக்கொண்டு உடனே திரும்பவேண்டும் என்பதே முறை. அவர் திரும்பவில்லை. அலைக்கு முகம் கொடுத்துக் கப்பலை அந்த இடத்திலேயே பிடித்து வைத்திருந்தார். துறைக்கு மேலே குன்று. குன்றில் ஒரு சின்னக் கோயில், அதன் பக்கத்தில் கல்லறைகள் நிறைந்த சேமக்காலை. எஸ்தருக்காகச் செத்தவீட்டுச் சனங்கள் அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். கப்பல் வந்ததையும், உள்ளே வராமல் நின்றதையும் மேலிருந்து கண்டார்கள். அதன் பிறகு சவப்பெட்டியைத் தூக்கினார்கள்.

கப்டன் தன்னுடைய தூரக்கண்ணாடியைக் கழற்றி எஸ்தரிடம் கொடுத்தார். அவர் கண்ணில் வைத்தார். குவியத்தைத் திருகினார். கொஞ்ச நேரத்தில் அதை என்னிடம் நீட்டினார்.

"எனக்குப் பிடிபடேல்லை. எத்தினை பேர் வந்திருக்கினம் எண்டு எண்ணிச் சொல்லுங்கோ."

எண்ணினேன். கறுப்பு உடுப்புகள், வெள்ளைச் சட்டைகள். கப்பல் உருண்டதால் இரண்டு தரம் விட்ட இடத்தைத் தவறவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

"அறுபத்திரண்டு."

"சரியோ?"

மறுபடி எண்ணினேன். குழியருகில் ஒரு பெண்ணின் தோளில் குழந்தை இருந்தது.

"அறுபத்து மூன்று. கைக்குழந்தை ஒன்று."

அவர் தலையசைத்தார். "நல்ல சனம்," என்றார். தொப்பிப் பெட்டியைத் திறந்து மலர்வளையத்தை எடுத்து, கடலில் போடப்போகிறார் என்று நான் நினைத்தேன். போடவில்லை. காற்றில் இதழ் உதிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி மூடினார். அடுத்த நாள் அதைக் கொண்டுபோய் வைத்தார். அன்று அவரை வாசலில் ஏற்றியவன் நான்தான். தன்னை எண்ணுகிறேனா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

மிஸ்டர் கிளெமென்டும் அதே கப்பலில் வந்தார். தொப்பியைத் திருப்பிப் பெற்றுக்கொண்டார். "ஒரு மனிசன் ஒரு ஆட்டம் ஆடப்போனதுக்கு இவ்வளவு ஆரவாரமோ?" என்றார். பிறகு, நான் நீட்டுவதற்கு முன்பே, கையை விரித்துச் சில்லைக் கேட்டார்.

கப்டன் நடந்தது முழுவதையும் பதிவேட்டில் எழுதி, எனக்கு உரத்து வாசித்துக் காட்டி, ஒப்பமிடச் சொன்னார். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஏன் செய்தாய் என்று கேட்கவில்லை. கம்பனி என்னை ஒரு மாதம் கரையில் நிறுத்தியது. வேறு ஆளைப் போடலாமா என்று அவர்கள் கேட்டபோது, தேவையில்லை என்று அவர் சொன்னதாக அருளப்பு சொன்னான். காரணம் சொன்னாரா என்று கேட்டேன்.

"காரணம் சொல்லுற ஆளோ அவர்?" என்றான்.

திரும்பி வந்த முதல் நாள், பெரிய தீவில், கதவடியில் நின்றேன்.

"நூமெரோ?"

"தொண்ணூற்றேழு."

எழுதினார். ஆனால் பலகையைத் தூக்கச் சொல்லவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே மறுபடி கேட்டார்.

"நூமெரோ?"

கொஞ்சம் தாமதித்துத்தான் விளங்கியது. இறங்கி, இரண்டு தளங்களையும் மறுபடி நடந்து எண்ணி, ஏறி வந்து சொன்னேன். முதல் எண்ணின் கீழே அதே எண்ணை எழுதினார். அதன் பிறகு ஒவ்வொரு துறையிலும், ஒவ்வொரு நாளும், நான்கு ஆண்டுகள், இரண்டு தரம் கேட்டார். முதலாம் ஆண்டு அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டேன். பிறகு அது என்னவென்று யோசிப்பதை விட்டுவிட்டேன். புதிதாக வந்த பையன்கள் அந்தக் கப்பலில் அதுதான் ஒழுங்குவிதி என்று நினைத்தார்கள். நானும் திருத்தவில்லை.

என் கடைசி நாளும் வேலைநாள்தான். கேக் எதுவும் வெட்டவில்லை. கடைசித் தீவிலிருந்து திரும்பும் பயணம். பிற்பகல் இரண்டரை, வாயில் அமைதியாக இருந்தது. கதவடியில் நின்றேன்.

"நூமெரோ?"

"எழுபத்தொன்று, கொமந்தாந்தே."

எழுதினார். பென்சிலைச் சட்டைப்பையில் செருகினார். நான் காத்து நின்றேன். அவர் கேட்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையைத் தூக்கவும் சொல்லவில்லை.

படியிறங்கினேன். மேல்தளம், கீழ்த்தளம், கழிப்பறைக் கதவுகள், துணிக்குள் உறங்கிய ஒரு குழந்தை. ஏறி வந்தேன்.

"எழுபத்தொன்று," என்றேன்.

பென்சிலை எடுத்து எழுதினார்.